தெருமுனைப் பேனரில் அக்கா முகம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், இந்த வாரக் கதையில் நடுவில் எழுந்து போக முடியாது. மேனாம்பேட்டில் ஒரு தெருவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாந்து பார்த்த கதையைச் சொல்லப் போகிறேன். பொறாமை என்று ஒன்று இருக்கிறதே, அது நம்மோடு பல் விளக்கி, தலை வாரி, பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடும். யாருக்கும் தெரியாது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். இல்லாதவர்களுக்கு நாலு வரி.

யுவராணிக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் புவியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, விடுதியோடு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். விடுதிப் படிவத்தில் அப்பா ஒரு கையெழுத்து, அம்மா ஒரு கையெழுத்து. அது இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

படிவத்தை அப்பா தங்கவேலின் கையில் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"விசேஷம் முடியட்டும்."

விசேஷம் யாருக்கு? தங்கை கிருஷ்ணப்பிரியாவுக்கு. வயது பன்னிரண்டு முடிந்து பதிமூன்று நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. தெருவை அடைத்து சாமியானா, நாற்காலி, மூன்று வேளைச் சாப்பாடு, தாய்மாமன் சீர், தெருமுனையில் பேனர்.

"இந்தக் காலத்துல போய் பேனரு. கேவலமா கீது," என்று யுவராணி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவள் படித்த பெண், அதனால் அப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

உண்மை வேறு. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் யுவராணி வயதுக்கு வந்தபோது ஊரடங்கு. தாயம்மா வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் ஒரு டப்பாவில் உளுந்தங்களி வைத்துவிட்டு, முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பாரிவாக்கத்திலிருந்து தாய்மாமன் கோவிந்தன் போனில் பேசினான். "லாக்டவுன் முடியட்டும் கண்ணு, மாமா தட்டோட வரேன்."

லாக்டவுன் முடிந்தது. மாமாவும் வந்தான், பொங்கலுக்கு. தட்டை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

யுவராணி மறக்கவில்லை. அவள் விஷயம் என்றால் எப்போதும் ஏதோ ஒன்று முடியட்டும். பிரியா விஷயம் என்றால் உடனே ஆரம்பிக்கட்டும்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வாருங்கள். பேனர் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தங்கவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அன்று செகண்ட் ஷிப்ட். பட்டறை வாசலில் எல்லார் போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஒருமுறை அவர் போனுக்குப் பதில் வேறொருவர் போன் கைக்கு வந்து, அந்த ஆளின் மனைவியிடம் அரை மணி நேரம் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து இரண்டாவது ஷிப்டுக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவார்.

அந்தப் போன் ஏழே முக்காலுக்கு டிங் என்றது.

தாயம்மாவும், தங்கவேலின் அக்கா பஞ்சவர்ணமும் பின்பக்கம் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிரியா தன் மூலையில், தனிப் பாயில், தனித் தட்டோடு. விசேஷம் முடிகிற வரை அவள் வாசல் தாண்டக் கூடாது.

யுவராணி போனை எடுத்தாள். பேனர் கடை மோகன்.

'அண்ணே, புரூஃப் அனுப்பியிருக்கோம். கரெக்டா இருந்தா ஓகேன்னு போடுங்க. போட்டதும் பிரிண்ட்.'

கீழே படம். யுவராணி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படத்தில் இருந்தது அவள்.

பள்ளிக்கூடத்துக் கடைசி நாள் விழாவுக்கு அம்மாவின் மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ. தலைக்குமேல் தங்கக் கிரீடம் வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மயில். கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் வீட்டு இளவரசி செல்வி த. கிருஷ்ணப்பிரியா'.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. 'ரெண்டு பொண்ணுல எது யாருன்னுகூடப் பாக்காம போட்டோ குடுத்திருக்காரு' என்று நினைத்தாள். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு. நாம் இவ்வளவு அழகாகவா இருக்கிறோம்? இது ஏழடி உயரத்தில் தெருமுனையில் நின்றால் எப்படி இருக்கும்?

படத்துக்கு மேலே, அதே பக்கத்தில், அப்பா மதியம் ஷிப்டுக்குப் போகும் முன் மோகனுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருந்தது. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி. யுவராணி அதை அமுக்கவில்லை. தங்கவேலின் குரல் செய்தியை யாரும் கேட்பதில்லை. பாதி நேரம் ஹலோ ஹலோ என்பார். மீதி நேரம் லாரி சத்தம். "வூட்டுக்கு வந்து நேர்ல சொல்லுங்க" என்று தாயம்மாகூடத் தள்ளிவிட்டுவிடுவாள்.

'இது பிரியா இல்லை' என்று எழுத வேண்டியதுதானே? மூன்று வார்த்தை. எழுதவும் ஆரம்பித்தாள். 'இது' வரைக்கும் வந்தாள்.

பின்பக்கத்திலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது. "பேனரு மட்டும் நல்லா பெருசா போடச் சொல்லு தாயம்மா. மொதல் விசேஷம் இல்ல, நம்ம ஊட்ல."

முதல் விசேஷமாம்.

யுவராணி எழுதியதை அழித்தாள். 'ஓகே' என்று போட்டாள். பிறகு மோகனின் செய்தியையும் அந்தப் படத்தையும் தன் ஓகேயையும் அப்பாவின் போனிலிருந்து துடைத்துவிட்டு, போனைச் சார்ஜரில் செருகிவிட்டு, பிரியாவின் தண்ணீர்ச் சொம்பை நிரப்பப் போனாள்.

பாய்மேல் உட்கார்ந்திருந்த பிரியா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு பஞ்சவர்ணம் பூ வாங்கத் தெருமுனைக்குப் போனவள், பூ இல்லாமல் திரும்பி வந்தாள்.

"டேய் தங்கவேலு. ஏந்துகினு வா. வந்து உன் பொண்ண பாரு."

"எந்தப் பொண்ணுக்கா?"

"அத்த தான்டா நானும் கேக்கறேன். எந்தப் பொண்ணு?"

தங்கவேல் தலை துவட்டிய துண்டோடு போனார். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு இழுத்து, ஜம்மென்று நின்றது பேனர். பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

"முகம் பெருசோடது, பேரு சின்னதோடது," என்றார் இஸ்திரிக்காரர். "சிக்கனமா முடிச்சிட்ட அண்ணாத்தே. ஒரே பேனரு, ரெண்டு பொண்ணு."

சிரித்தார்கள். தங்கவேல் சிரிக்கவில்லை. மோகனுக்குப் போன் போட்டார்.

பத்து நிமிஷத்தில் மோகன் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். வாசலில் தாயம்மா கையில் மஞ்சள் கிண்ணத்தோடு நின்றாள். கதவுக்கு உள்பக்கம் பிரியா. அவளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, யுவராணி.

"இன்னா மோகன் இது?"

"இன்னாண்ணே, நீங்கதான ஓகே போட்டீங்க?"

"நானா?"

"உங்க நம்பர்லேர்ந்துதாண்ணே வந்துச்சு. பாருங்க. வெள்ளிக்கிழம. ஏழு நாப்பத்தெட்டு." மோகன் தன் போனை நீட்டினான். "அது வந்தப்புறந்தான் மிஷின்ல ஏத்துனோம். எங்க கடையில ஓகே வராம ஒரு இஞ்சு ஓடாது."

தங்கவேல் மணியைப் பார்த்தார். ஏழு நாற்பத்தெட்டுக்கு அவர் லேத் முன்னால் நின்றிருந்தார். போன் இந்த வீட்டில் இருந்தது. அவர் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தார்.

"யாரு ஓகே போட்டது?"

தாயம்மா, "எனுக்கு அத்த தொறக்கவே தெரியாது," என்றாள்.

"நான்தாம்பா."

சொன்னது பிரியா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாசல் கோட்டைத் தாண்டாமல் நின்று சொன்னாள். "நான்தான் போட்டேன். என் மூஞ்சி தெருவுல வேணாம். ஸ்கூல் பசங்க ஓட்டுவானுங்க."

"பாத்தியா," என்றாள் பஞ்சவர்ணம். "பன்னண்டு வயசுல இன்னா வேலை. போன குடுத்து வளத்தா இப்டித்தான்."

யுவராணி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிரியாவை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? இன்று அவள் இளவரசி, ஒரு திட்டுகூட விழாது. நாளைக்கு அப்பா கையெழுத்துப் போடுவார். நாளை மறுநாள் திருச்சி. வாயைத் திறந்தால்? பொய் ஓகே போட்டு, தடயத்தையும் துடைத்த பெண்ணை எந்த அப்பா முந்நூறு கிலோமீட்டர் தாண்டி விடுதியில் விடுவார்?

அவள் வாயைத் திறக்கவில்லை.

மோகனுக்குத் தன் கடைப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை. "எங்க மேல தப்பு இல்லண்ணே. மொதல்ல சின்னப் பொண்ணு போட்டோதான் வெச்சிருந்தோம். அப்புறம் நீங்கதான் வாய்ஸ் அனுப்பி மாத்தச் சொன்னீங்க. டிசைன் பண்ற பொண்ணு நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கு. கேளுங்க."

அவன் குரல் செய்தியை அமுக்கினான். சத்தத்தையும் கூட்டினான்.

'ஹலோ... ஹலோ... மோகன், நான் தங்கவேல் பேசறேன், லேத் தங்கவேல். டீக்கடையில கீறேன். அந்தப் பேனர் இல்ல பேனரு, அதுல பெருசு போட்டோவப் போட்டுடு. யுவராணி. பட்டுப் பொடவ கட்டிகினு கீற போட்டோ. அன்னிக்கு எல்லாத்தையும் ஏத்திக்கினியே, உன் கம்ப்யூட்டர்லயே கீது...'

பிறகு ஒரு லாரி. நீளமான ஹாரன்.

"அவ்ளோதாண்ணே," என்று மோகன் நிறுத்தப் போனான்.

"இரு," என்றார் தங்கவேல். "முழுசா கேளு."

லாரி போய் முடிந்தது. கண்ணாடி டம்ளர் வைக்கும் சத்தம்.

'...ஆங். லாரி போச்சு. சின்னத எடுத்துடாத மோகன். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போடு. பேரும் ரெண்டு போடு. பெருசுக்கு அந்தக் கொரோனா டயத்துல ஒண்ணும் செய்ய முடியல. ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டதில்ல அது. இப்ப திருச்சிக்குக் காலேஜுக்குப் போவுது. போறதுக்கு முன்னாடி நம்ம தெருவுல ஒரு வாட்டி... அவ்ளோதான். ஊட்ல சொல்லாத, பாத்துட்டு சந்தோசப்படட்டும். வெச்சிடறேன். இத்த எங்க வெக்கறது... ஹலோ...'

செய்தி முடிந்தது.

மோகன் தலையைச் சொறிந்தான். "லாரி வந்ததும் முடிஞ்சிடுச்சின்னு அந்தப் பொண்ணு நெனச்சிட்டாப்ல இருக்குண்ணே."

கடைப் பெண் பாதிதான் கேட்டாள். யுவராணி அதுவும் கேட்கவில்லை. சரியாக இருக்கிறதா என்று கேட்டு வந்த புரூஃபில் 'இது பிரியா இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால், மோகன் அப்பாவைக் கேட்டிருப்பான், அப்பா சொல்லியிருப்பார், இந்நேரம் அந்த இரண்டு மயிலுக்கு நடுவில் இரண்டு பெண்களும் நின்றிருப்பார்கள். ஐந்து வருஷமாக அவள் மனசுக்குள் கேட்டது, வந்து கதவைத் தட்டியபோது, அவளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள்.

சுவரை விட்டு யுவராணி முன்னால் வந்தாள். பிரியாவைத் தாண்டி, வாசல் கோட்டைத் தாண்டி, அப்பாவின் முன்னால் நின்றாள்.

"நான்தாம்பா போட்டேன். அவ இல்ல."

"தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

அவள் யோசித்தாள். நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை. "வயிறு எரிஞ்சுச்சுப்பா," என்றாள்.

பஞ்சவர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கவேல் அக்கா பக்கம் கையை மட்டும் காட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

ஸ்டூல்மேல் ஏறினார். மகளின் முகம் அவர் முகத்தைப் போல நாலு மடங்கு இருந்தது. பெட்ஷீட்டை ஒரு மூலையில் கட்டினார். இன்னொரு மூலையை இழுத்துக் கட்ட வேண்டும், கட்டினால் முகம் மறையும். கை மேலே போனது, அங்கேயே நின்றது. கீழே தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கட்டிய மூலையையும் அவிழ்த்தார். இறங்கினார்.

"நிக்கட்டும்," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அன்று மாலை வரை அவர் யுவராணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியவள் தாயம்மா. அவள் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து பெரிய மகளின் கையில் வைத்தாள். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டு.

"போ. போய் அந்தப் பேனரு கீழ நில்லு. வரவங்கள நீதான் கூப்புடணும்."

"அம்மா, அங்கயா?"

"அங்கதான். யாராச்சும் இன்னான்னு கேட்டா, இன்னா நடந்துச்சோ அத்த சொல்லு. கூட ஒண்ணும் வாணாம், கொறையவும் வாணாம்."

நின்றாள் கண்ணுகளா. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, தன் முகத்துக்குக் கீழேயே தன் முகத்தோடு நின்றாள்.

வந்தவர்கள் முதலில் மேலே பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். பிறகு மறுபடியும் மேலே.

"இன்னா யுவா, கெஜட்ல பேரு மாத்திக்கினியா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"பிரிண்ட் போடறவங்க..." என்று ஆரம்பித்தாள் யுவராணி. பந்தல் ஓரத்தில் தாயம்மா நின்றுகொண்டிருந்தாள். யுவராணி தாம்பாளத்தை நீட்டினாள். "இல்லக்கா. நான்தான் தப்பா ஓகே போட்டேன். விசேஷம் தங்கச்சிக்கு."

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தங்கவேலின் பழைய நண்பர் குடும்பம் வந்தது. அவர் மனைவி ஷோபனா கேட்டாள். "ஏம்மா ஓகே போட்டே?"

"பொறாம, ஆன்ட்டி."

அந்த அம்மாள் பன்னீரைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டுப் பொண்ணுங்க இத்த ஒத்துக்கவே ஒத்துக்காதுங்க," என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனாள்.

பத்தாவது ஆளிடம் சொல்லும்போது காது சுட்டது. முப்பதாவது ஆளிடம் குரல் நேராக வந்தது. ஐம்பதாவது ஆளிடம் சொல்லிவிட்டு, "கல்கண்டு எடுத்துக்கங்க" என்றும் சொன்னாள்.

மேளத்தோடு தாய்மாமன் கோவிந்தன் வந்தான். பின்னால் பதினொரு தட்டு. பேனரைப் பார்த்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னான்.

"இன்னா மாமே இது," என்று பந்தலில் நின்ற தங்கவேலைப் பார்த்துக் கத்தினான். "ரெண்டு பொண்ணுக்கும் சேத்தா? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பதினோரு தட்டுதான கொண்டாந்தேன்."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே கீழே பார்த்தான். தாம்பாளத்தோடு யுவராணி. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே வாடியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் போனில் சொன்னது இப்போது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். சந்தனத்தை எடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டான். மறுபடியும் எடுத்துத் தடவிக்கொண்டான்.

"கண்ணு..."

"உள்ள போ மாமா. நல்ல நேரம் போவுது. அவ காத்துகினு கீறா."

அவள் அதைக் கசப்பில்லாமல்தான் சொன்னாள். கசப்பு போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பந்தலில் பிரியாவுக்கு முதல் தட்டு இறங்கியபோது, குலவைச் சத்தம் கேட்டபோது, அது மறுபடியும் யுவராணியின் பக்கத்தில் வந்து நின்றது. ஒருமுறை மன்னிப்புக் கேட்டதும் கிளம்பிப் போகிற விருந்தாளியா அது?

மூன்று மணிக்குப் பந்தல் காலியானது. பிரியா கழுத்து வலிக்கிறது என்று மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே தட்டில் ஆறிப்போன வடை.

"நீ ஏண்டி பொய் சொன்ன?" என்றாள் யுவராணி.

"நீ அன்னிக்கு ஓகே போட்டப்போ நான் பாத்துகினுதான் இருந்தேன். உன் மூஞ்சி எனக்கு அங்கேர்ந்தே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பேனரு நெஜமாவே எனக்கு வாணாம். ஆனா அதுக்காக மட்டும் இல்ல." பிரியா வடையைப் பிய்த்தாள். "நீ மாட்டிக்கினா அப்பா திருச்சிக்கு அனுப்ப மாட்டாரு. அனுப்பாம இருந்தா எனக்கு ஜாலிதான். நேத்து பூரா அப்டித்தான் நெனச்சேன். காலைல அப்பா கேட்டப்ப வாய் தானா நான்தான்னு சொல்லிடுச்சு."

"அனுப்பலன்னா உனக்கு இன்னா ஜாலி?"

"நீ ஊரெல்லாம் பாப்ப. மேப்புல கீறதெல்லாம் போயி பாப்ப. நான் இந்த ரூம்லயே, பஞ்சவர்ணம் அத்த கூட." பிரியா அக்காவைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு இல்லையா வயித்தெரிச்சல்?"

யுவராணிக்கு இது தெரியாது. பட்டும் மாலையும் பதினொரு தட்டும் வாங்கியவளுக்குத் தன்மேல் பொறாமை இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெரிய வடைத் துண்டைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

அந்த நேரத்தில் தங்கவேல் வந்தார். பேனரை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார்.

"பாத்ரூம் மேல போத்திடு தம்பி, மழ வரப்போவுது," என்றாள் பஞ்சவர்ணம்.

"இல்லக்கா." அவர் அதைப் பரண்மேல் ஏற்றினார். இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து யுவராணியின் மடியில் வைத்தார்.

விடுதிப் படிவம். தந்தையின் கையெழுத்து என்ற இடத்தில் 'சி. தங்கவேல்'. பக்கத்தில், எவ்வளவு கழுவினாலும் அவர் கையை விட்டுப் போகாத லேத் எண்ணெயில் ஒரு கட்டைவிரல் கறை. கீழே வெள்ளிக்கிழமைத் தேதி.

"அப்பா..."

"அந்த வாய்ஸ அனுப்பிட்டு, டீக்கடையிலயே உக்காந்து போட்டுட்டேன்." காலைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது. "இன்னிக்குக் கேட்டிருந்தா போட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல."

அவர் போய்க் குழாயடியில் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

யுவராணி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போட்ட கையெழுத்தை அவர் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அதைப் போட்ட வெள்ளிக்கிழமை அப்பா, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இல்லை. அவரை மறுபடியும் எப்படிப் பிடிப்பது? திருச்சிக்குப் போகும் வழி தெரிகிறது, அதற்கு வழி தெரியவில்லை.

படிவத்தில் அதற்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. தாயின் கையெழுத்து.

தாயம்மா அடுக்களையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் நலங்கு மஞ்சள். யுவராணி பேனாவையும் படிவத்தையும் நீட்டினாள்.

"அம்மா. நாளைக்கு சாயங்காலம் வண்டிம்மா."

தாயம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் இல்லை அவள், பத்தாவது வரை படித்தவள். மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தாள். விடுதி விதிகளைப் படித்தாள். காலியான கோட்டுக்கு வந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவள் முகம் இருந்த விதம் யுவராணிக்குப் பழக்கமான ஒன்றாக இருந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தப் போனின் கண்ணாடியில், தன் முகமாகப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கும் ஒரு வாட்டி இந்த மாரி ஒரு காயிதம் வந்துது யுவா. யாரும் கையெழுத்துப் போடல," என்றாள் தாயம்மா.

பேனாவை வாங்கவில்லை. படிவத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து, பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த வாரம் இத்தோடு நிறுத்துகிறேன் கண்ணுகளா, நீங்களும் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யார் எவ்வளவு தடுமாறிப் பேசினாலும், லாரி சத்தம் தாண்டி அதைக் கடைசிவரை கேட்க ஒரு காது இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு வைத்த தட்டு இன்னொரு பிள்ளையின் கண்ணில் கரிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பீரோக்களில் பூட்டிக் கிடப்பவை எல்லாம் நேரத்தில் வெளியே வரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், கிணறு வற்றாமல், பெண்டு பிள்ளைகள் போன இடமெல்லாம் பத்திரமாகப் போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பட்டும்.